சாப்பாட்டுக்கு மூன்றரை ஸ்டார், சாவிக்கு ஐந்து: வேலூரில் ஒரு மெஸ்

ஹோட்டல் விமர்சனம் என்றால் சாம்பாரில்தான் ஆரம்பிப்பார்கள். நான் கழிவறையில் ஆரம்பிக்கிறேன். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் அதைத்தான் தேடும்: பின்னாலா, மாடியிலா, பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம். அதற்கு அப்புறம்தான் என்ன டிபன் என்று கேட்பேன்.

எனக்கு அல்சரேடிவ் கொலைட்டிஸ், ஐந்து வருஷமாக. பெருங்குடலின் உள்சுவரில் புண் வரும், ஆறும், மறுபடி வரும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிற சமாச்சாரம் இது. புண் கிளம்பிவிட்டால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போக வேண்டியிருக்கும், ரத்தத்தோடு. அவசரம் என்று நான் சொன்னால் அது இரண்டு நிமிஷம், சில நாள் அதுவும் கிடையாது. எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஆற்காட்டிலிருந்து வேலூர் வந்து இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை டிரிப்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறேன். பஸ்ஸில் என்ன பெரிய தூரம், முக்கால் மணி நேரம்தான் என்பீர்கள். அந்த முக்கால் மணி நேரத்துக்காக முந்தின நாள் ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன்.

அப்படி வெறும் வயிற்றோடு வந்து இறங்கிய ஒரு காலையில்தான் இந்த மெஸ்ஸுக்குள் ஓடினேன். காந்தி ரோட்டை ஒட்டிய சந்து, இரண்டு லாட்ஜுக்கு நடுவில், எதிரே மருந்துக்கடை. பலகையில் தமிழுக்கு மேலே பெங்காலி பெரிதாக இருக்கும், அந்தப் பக்கமெல்லாம் அப்படித்தான், வைத்தியத்துக்கு வந்து மாசக்கணக்கில் தங்குகிறவர்கள் கூட்டம். எட்டு டேபிள், ஒரு வாஷ்பேசின். கல்லாவில் அக்கா, அடுப்பில் அவர் வீட்டுக்காரர்.

அதற்கு முன்னால் வேறொரு ஓட்டலில் பட்டது உண்டு. பேர் வேண்டாம். கழிவறை எங்கே என்று கேட்டதற்கு, கஸ்டமருக்கு மட்டும்தான், சாப்பிட்ட பில் இருக்கா என்றார் சூப்பர்வைசர். இரண்டு இட்லி சொல்கிறேன், முதலில் போய்விட்டு வருகிறேன் என்றேன். ஏன், என்ன அவசரம், உடம்பு சரியில்லையா, ஒட்டிக்கொள்கிற வியாதியா என்று ஹாலில் பாதிப்பேர் திரும்பிப் பார்க்கிற குரலில் விசாரணை. ஒட்டாது சார், இது யாருக்கும் ஒட்டாது, என் தட்டில் கைவிட்டுச் சாப்பிட்டாலும் ஒட்டாது. ஆனால் அதையெல்லாம் விளக்கி முடிக்கிற அளவுக்கு அன்றைக்கு எனக்கு நேரம் இல்லை. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேண்ட் வாங்கினேன்.

அதனால் இந்த மெஸ்ஸில் கல்லா முன்னால் நின்று, "அக்கா, ரெஸ்ட் ரூம்… நான் சாப்பிடத்தான் வந்தேன், எனக்கு வயித்துல ஒரு…" என்று மனப்பாடம் பண்ணிய வசனத்தை ஆரம்பித்தேன். அக்கா சில்லறை எண்ணுவதை நிறுத்தவே இல்லை. "இன்னாத்துக்கு தம்பி கேட்டுகினு நிக்கிற? ஆணியில தொங்குது பாரு, எடுத்துகினு போ" என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காம்பு உடைந்த பெரிய சாம்பார்க் கரண்டி ஒன்றில் நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். யாரும் மறந்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடக்கூடாது என்று செய்த ஏற்பாடு. கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஹால் நடுவே நடந்து போனால் எல்லோருக்கும் தெரியும், நீ எங்கே போகிறாய் என்று. முதல் தடவை எனக்குக் கூசியது. ஆனால் அங்கே எல்லோரும்தான் அந்தக் கரண்டியோடு போகிறார்கள், வேட்டி கட்டிய பெரியவர், கைக்குழந்தைக்காரி, ஊசி போட்ட கையில் பஞ்சோடு வருகிற பையன். மூன்றாவது தடவைக்கு அப்புறம் நான் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே போக ஆரம்பித்துவிட்டேன்.

உள்ளே தரை காய்ந்திருக்கும். பக்கெட், மக், குழாயில் தண்ணீர், சோப்பு, பையை மாட்ட ஒரு கொக்கி. அந்தக் கொக்கியின் அருமை மருந்துப் பையும் ரிப்போர்ட் ஃபைலும் தூக்கிக்கொண்டு அலைகிறவனுக்குத்தான் தெரியும். குடல் ஆபரேஷனுக்கு அப்புறம் மலம் சேர வயிற்றில் ஒட்டுகிற ஸ்டோமா பை வைத்திருக்கிறவர்களுக்கு அதைக் காலி செய்து மாற்றும்போது சாமான் வைக்க இடம் வேண்டும், அதற்கும் அந்தக் கொக்கியும் ஜன்னல் திண்டும் போதும். குறை என்றால் வெஸ்டர்ன் கிடையாது, இந்தியன்தான். ஸ்டீராய்டு சாப்பிட்டு மூட்டு வலியோடு இருந்த மாசங்களில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தேன்.

ஸ்டீராய்டு என்றதும் ஞாபகம் வருகிறது. பிரெட்னிசலோன் முகத்தை வட்டமாக உப்ப வைத்துவிடும். நான் ரத்தம் போய் நிற்க முடியாமல் இருந்த நாட்களில்தான் ஊரில் எல்லோரும் "நல்லா தேறிட்டடா" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அம்மா அதைத் திருத்தவில்லை, சொந்தக்காரர்களிடம் எனக்கு 'அல்சர்' என்று சொல்லிவைத்திருக்கிறார். பொய்யும் இல்லை பாருங்கள், பேரிலேயே அல்சர் இருக்கிறது. விளைவு, ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது ஒரு பெரியம்மா மணத்தக்காளிக் கீரையைச் சிபாரிசு செய்கிறார், நானும் தலையாட்டுகிறேன். இந்த வியாதி பெரும்பாலும் தலைகாட்டுவது பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள், அதாவது காலேஜ், வேலை, பெண் பார்க்கிற படலம் எல்லாம் நடக்கிற வயதில். இதில் 'மோஷன்' என்ற வார்த்தையை யார் வாயைத் திறந்து சொல்வது?

சொன்ன ஒரு பெண்ணை இந்த மெஸ்ஸில்தான் பார்த்தேன். போன தடவை, பத்தொன்பது இருபது வயது இருக்கும், அப்பாவோடு பக்கத்து டேபிள். போளூர் பக்கத்துக்காரர்கள். காரக்குழம்பு வேண்டாம், வெறும் ரசம் சாதம் குழைவாகக் கிடைக்குமா என்று கேட்டாள். அப்பா முந்திக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, நேத்து கடையில சாப்ட்டது ஒத்துக்கல" என்றார். அவள் தட்டைப் பார்த்தபடியே, "இல்ல, எனக்கு க்ரோன்ஸ்" என்றாள். மெதுவாகக்கூட இல்லை, சாதாரணமாக, சளி பிடித்திருக்கிறது என்கிற மாதிரி.

அப்பா குனிந்து இலையில் இல்லாத கறிவேப்பிலையைத் தேடினார். நான் ஐந்து வருஷத்தில் வீட்டாருக்கும் டாக்டருக்கும் வெளியே யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அன்றைக்கு என்ன தோன்றியதோ, "எனக்கு கொலைட்டிஸ்" என்றேன். இரண்டும் ஒரே குடும்பம்தான். என்னுடையது பெருங்குடலோடு நிற்கும், அவளுடையது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம். அவளுக்கு முதலில் குடல் காசநோய் என்று நினைத்து ஆறு மாசம் அந்த மாத்திரை கொடுத்தார்களாம். நம் ஊரில் இது நடக்கக்கூடியதுதான், கேமரா குழாய் விட்டு ஸ்கோப்பில் பார்த்தாலும் இரண்டும் ஒன்று போலவே தெரியும். "டிபின்னு சொன்னதும் ஹாஸ்டல்ல தனி டம்ளர் குடுத்தாங்க, டிபி இல்லன்னு ஆனப்புறமும் அந்த டம்ளர் அப்படியே இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நேரம் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, கொலோனாஸ்கோபிக்கு முன்னால் லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டிய அந்த உப்புத் தண்ணீர் என்று பேசினோம். கை கழுவ அவள் எழுந்து போனதும் அப்பா என் பக்கம் சாய்ந்தார். வியாதியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"தம்பிக்கு கல்யாணம் ஆயிடுச்சா?"

இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். "சொல்லித்தான் பாக்குறாங்களா?" என்றார். பதில் சொல்வதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். நல்லவேளை, என்னிடம் பதிலும் இல்லை.

சரி, சாப்பாடு. இட்லி மெத்தென்று இருக்கும், காலை ஆறரைக்கே ரெடி. தேங்காய்ச் சட்னியில் பச்சை மிளகாய் தூக்கல், எனக்கு அது வேண்டாம் என்று ஒரு முறை சொன்னதோடு சரி, அடுத்த தடவை கேட்காமலே தயிர் வந்தது. ரசம்தான் இந்தக் கடையின் உயிர், மிளகும் சீரகமும் அளவாக, புளி குறைவாக. சாம்பார் சுமார், சில நாள் தண்ணீர். புதன்கிழமை முள்ளு கத்தரிக்காய் காரக்குழம்பு வைக்கிறார்கள், நம்ம இலவம்பாடிக் கத்தரிக்காய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. குடல் அமைதியாக இருக்கிற மாசங்களில் நான் அதற்காகவே புதன்கிழமையில் டிரிப்ஸ் தேதி கேட்டு வாங்கியிருக்கிறேன். புண் கிளம்பியிருந்தால் விதையும் தோலும் எனக்கு ஆகாது. இன்னொருவருக்கு ஆகலாம். பால் சிலருக்கு ஆகாது, எனக்குப் பிரச்சினை இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கண்டதைத் தின்றதால் வந்த வியாதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பிரியாணியை விட்டால் போய்விடும் என்றால் நான் எப்போதோ விட்டிருப்பேன். காபியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெளியே போய்க் குடியுங்கள்.

கடைப் பேரைப் போடட்டுமா என்று அக்காவிடமே கேட்டேன். என்ன எழுதுகிறாய் என்றார், சொன்னேன். அரை நிமிஷம் யோசித்தார். "கக்கூஸ் நல்லா இருக்குதுன்னு போட்டா எவன்யா சாப்பிட வருவான்? ரசத்த பத்தி எழுது, பேர் போடு. அத எழுதுனா பேர் வோணாம்" என்றார். அவர் கணக்கு அவருக்கு. நான் இதை எழுதுவதாக முடிவு செய்தேன், அதனால் பேர் இல்லை. காந்தி ரோட்டுப் பக்கம் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் உடைந்த கரண்டி தொங்குகிற கடை, கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கடை கிடையாது. கார்டு வாங்க மாட்டார்கள், ஜிபே உண்டு. கழிவறைத் தாழ்ப்பாள் கொஞ்சம் லூஸ், கதவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போடவும். லைட் ஸ்விட்ச் வெளியே இருக்கிறது, வாண்டுகள் அணைத்துவிட்டு ஓடும், பதறாமல் குரல் கொடுத்தால் அக்கா அங்கிருந்தே திட்டுவார், லைட் வந்துவிடும்.