குச்சிக்கிழங்குத் தேமலுக்கு ஒட்டா, வெட்டா?

போன தை மாதம் சேலம் மாவட்டத்து வாழப்பாடிப் பக்கம் சித்தப்பா தோட்டத்துக்குப் போயிருந்தேன். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கி லோடு ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பியாகிவிட்டது. அடுத்த நடவுக்கான குச்சிகளைக் கட்டுக் கட்டாக வேப்பமர நிழலில் நிறுத்தி வைத்திருந்தார். ஒரு கட்டைத் தூக்கி என் முன்னால் போட்டார்.

"பயோடெக் படிச்சவனாச்சே, இதுல எது தேமல் குச்சி, எது நல்ல குச்சின்னு சொல்லு பார்ப்போம்."

சொல்ல முடியாது. இலை உதிர்ந்துவிட்டால் இரண்டும் ஒரே குச்சிதான். அதே சாம்பல் நிறம், அதே கணுக்கள், நறுக்கினால் அதே வெள்ளைப் பால்.

"ஜீனை மாத்திட்டா தேமலே வராதாம்ல? யூடியூப்ல சொல்றான். அப்புறம் ஏன் இன்னும் ஏத்தாப்பூர்ல பூவைப் பிடிச்சு ஒட்டுக் கட்டிட்டு இருக்காங்க?"

கேள்வி நியாயமானது. ஏத்தாப்பூரில்தான் எங்கள் பக்கத்து மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அன்று வேப்பமரத்தடியில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் எதிரியைப் பார்ப்போம். நம் பக்கத் தேமலுக்குக் காரணம் இரண்டு வைரஸ்கள்: இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழும், இலை சுருங்கிக் கோணிக்கொள்ளும், கீழே கிழங்கு பெருக்காது. வெள்ளை ஈ பரப்பும். அதைவிடப் பெரிய பரப்பாளர் நாம்தான், நோய்க் குச்சியை நாமே வெட்டி நாமே நடுகிறோம்.

இந்த வைரஸின் மொத்த உடம்பே இரண்டு டி.என்.ஏ. வளையங்கள்தான். ஒவ்வொன்றிலும் சுமார் 2,700 எழுத்துகள். அதற்குள் ஏழெட்டு ஜீன்கள். ஜீன் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று எழுதி வைத்த குறிப்பு. இந்த வைரஸிடம் இல்லாத குறிப்பு ஒன்று உண்டு. தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் நொதி அதனிடம் கிடையாது. செடியின் செல்லுக்குள் புகுந்து, செடி தன் வேலைக்கு வைத்திருக்கும் பிரதி இயந்திரத்தைக் கடன் வாங்கித்தான் பெருகும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஜீனைத் தொடாத வழி ஒன்றும் இருக்கிறது, அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தளிர் நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆக்குத்திசுவை (புதுச் செல்கள் பிறக்கும் இடம்) வெட்டி எடுத்துத் திசு வளர்ப்பில் வளர்த்தால், பெரும்பாலும் வைரஸ் இல்லாத செடி கிடைக்கும். வைரஸ் அந்த நுனி வரைக்கும் போய்ச் சேருவதில்லை. ரகம் மாறாது, ஆலைக்காரரும் எதுவும் கேட்கமாட்டார். ஆனால் செடிக்கு எதிர்ப்புச் சக்தி எதுவும் கூடிவிடவில்லை. பக்கத்துக் காட்டில் தேமல் இருந்தால் வெள்ளை ஈ கொண்டுவந்து சேர்த்துவிடும். ஊரே சேர்ந்து செய்தால் பலன் உண்டு. ஊர் சேருவதுதான் கஷ்டம்.

இனி ஜீன் வழிகள். ஒட்டு (இரண்டு ரகங்களைப் பூவில் சேர்த்து விதை எடுப்பது), ஆர்.என்.ஏ. அடக்கம், கிரிஸ்பர் வெட்டு. மூன்றுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி.

ஒட்டு எப்படி நடக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தால், அது பழைய காலத்து வேலை என்ற நினைப்பு போய்விடும். மரவள்ளிப் பூங்கொத்தில் அடியில் இருக்கும் பெண் பூக்கள் முதலில் மலரும், மேலே இருக்கும் ஆண் பூக்கள் பல நாள் கழித்துத்தான் திறக்கும். மலரும் நேரம் நண்பகலை ஒட்டி வரும். அதற்கு முன்பே பெண் பூவுக்குத் துணிப்பை கட்டிவிட வேண்டும், மலர்ந்ததும் வேறு ரகத்து ஆண் பூவைக் கொண்டுவந்து தடவி மறுபடி கட்ட வேண்டும். ஒரு காய்க்கு மூன்று விதை. மூன்று மாதத்தில் முற்றும், அப்போதும் பை கட்டியிருக்காவிட்டால் காய் வெடித்து விதை எங்கேயோ தெறித்துவிடும். இத்தனைக்கும் பிறகு ஒரே காயின் மூன்று விதைகளும் மூன்று விதமாக இருக்கும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. மரவள்ளியில் 36 குரோமோசோம்கள், 18 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு பிரதிகளும் எக்கச்சக்கமாக வேறுபடும். குச்சியால் நடும்வரை அந்தக் கலவை அப்படியே நகலாகிக்கொண்டு போகும். விதைக்குப் போன நிமிடம் சீட்டுக்கட்டைக் கலைத்துப்போட்ட மாதிரிதான். ஆலை கேட்கும் மாவுச்சத்து ஒரு விதைக்குப் போகும், தேமல் எதிர்ப்பு இன்னொன்றுக்குப் போகும்.

நம் பக்கம் அதிகம் நட்ட எச்-226 ரகமே ஒட்டுதான். கேரளத்து ஏத்தக்கருப்பனையும் மலேயாவிலிருந்து வந்த எம்-4 ரகத்தையும் சேர்த்து, திருவனந்தபுரத்து மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்டது. மாவு நன்றாக வரும், தேமலும் நன்றாக வரும்.

தேமலைத் தாங்கும் ஜீன் ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்தது. 1930களில் தாங்கனீக்காவின் (இன்றைய தான்சானியா) அமானி ஆராய்ச்சி நிலையத்தில் மரவள்ளியை அதன் காட்டு உறவான சியாரா ரப்பர் மரத்தோடு சேர்த்தார்கள். அதில் வந்த எதிர்ப்பு பல ஜீன்கள் சேர்ந்து தருவது, ஒட்டுக் கட்டும்போது சிதறிப்போகும். பிறகு மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகள் வழிவழியாக நட்டு வந்த நாட்டு ரகங்களில் வேறொரு எதிர்ப்பு தெரிந்தது. இது ஒரே ஜீன், அதுவும் ஓங்கும் ஜீன், ஒரு பெற்றோரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும். சி.எம்.டி.2 என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே ஜீன் என்பதால் பெரிய சௌகரியம் ஒன்று வந்தது. நாற்று ஒரு சாண் உயரம் இருக்கும்போதே இலையில் பொட்டு அளவு எடுத்து, டி.என்.ஏ. பிரித்து, பி.சி.ஆர். போட்டு அந்த ஜீனுக்குப் பக்கத்து அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கொலம்பியாவில் இந்தத் தேமலே கிடையாது. அங்கே இருந்துகொண்டே இந்த அடையாளத்தை வைத்துத் தேமல் தாங்கும் நாற்றுகளைப் பொறுக்கினார்கள் என்றால் பாருங்கள்! ஆனாலும் பூவில் தொடங்கி விவசாயி கைக்குக் குச்சி வர எட்டுப் பத்து வருடம் ஆகிவிடும். இந்த வழிக்கு அதுதான் பெரிய குறை.

ஆர்.என்.ஏ. அடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆர்.என்.ஏ. என்பது ஜீனிலிருந்து செல் எடுத்துக்கொள்ளும் வேலைப் பிரதி. வைரஸின் ஜீனில் ஒரு துண்டை எடுத்து, இரட்டை இழை ஆர்.என்.ஏ.வாக வெளிவரும்படி செடிக்குள் வைப்பார்கள். செடி அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அதே எழுத்துள்ள வைரஸ் ஆர்.என்.ஏ. எங்கே கிடைத்தாலும் அழிக்கும். 1998இல் ஒரு புழுவில் இதன் அடிப்படையைக் காட்டிய ஃபயர், மெல்லோ இருவருக்கும் 2006இல் நோபல் கிடைத்தது. மரவள்ளியிலும் இது ஜெயித்திருக்கிறது. கென்யா 2021இல் இப்படிச் செய்த மரவள்ளிக்கு வயலுக்குப் போக அனுமதி கொடுத்தது. யூடியூபில் சித்தப்பா பார்த்தது அநேகமாக இதைத்தான் இருக்கும். ஆனால் அது பழுப்புக் கோடு என்ற வேறொரு வைரஸ் நோய்க்கு. நம் ஊரில் அந்த நோயே இல்லை. அந்த வைரஸின் உடம்பே ஆர்.என்.ஏ., அதனால் அடி நேராக விழுகிறது. நம் தேமல் வைரஸ் டி.என்.ஏ., போதாததற்குச் செடியின் இந்தப் பாதுகாப்பை முடக்கும் புரதமும் கையில் வைத்திருக்கிறது. தவிர இது அயல் ஜீன் சேர்த்த பயிர். இந்தியாவில் 2002இல் பாக்டீரியா ஜீன் சேர்த்த பி.டி. பருத்தி வந்தது, 2010இல் அதே மாதிரியான பி.டி. கத்தரி அனுமதி கிடைக்காமல் நின்றுபோனது. உணவுப் பயிராக அந்த வாசலுக்குள் மரவள்ளியைக் கொண்டுபோக யாருக்குத் துணிச்சல் வரும்?

கிரிஸ்பருக்கு வருவோம். இதற்குத்தான் மவுசு அதிகம். பாக்டீரியா தன்னைத் தாக்கும் வைரஸை வெட்ட வைத்திருந்த கத்திரி இது. சுமார் 20 எழுத்து நீளமுள்ள வழிகாட்டி ஆர்.என்.ஏ. இடம் காட்டும், காஸ்9 என்ற புரதம் அங்கே டி.என்.ஏ.வை வெட்டும். இதைக் கருவியாக்கிய ஷார்பான்டியே, டவுட்னா இருவருக்கும் 2020இல் நோபல்.

வைரஸை வெட்டப் பிறந்த கத்திரியை மரவள்ளிக்குள் வைத்தால் தேமல் வைரஸையும் வெட்டுமே என்று யாருக்கும் தோன்றும். சூரிச்சில் செய்தே பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செடிக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை. வெட்டுப்பட்ட இடத்தைச் செல் மறுபடி இணைக்கும்போது எழுத்து மாறிப்போகும். அப்படி மாறிய வைரஸ் டி.என்.ஏ.க்களில் 33 முதல் 48 சதவீதம் வரை ஒரே ஒரு எழுத்து மாறி, கத்திரிக்கு அடையாளம் தெரியாத புது வைரஸாகியிருந்தன. பூட்டை உடைக்கிறவனுக்கு நாமே புதுச் சாவி செய்து கொடுத்த கதை.

சரி, கிரிஸ்பர் தோற்றுவிட்டதா? அப்படிச் சொன்னால் அநியாயம். தவறான இடத்தில் வெட்டினார்கள் என்பதுதான் என் கட்சி. 2022இல் சி.எம்.டி.2 எந்த ஜீன் என்று கண்டுபிடித்தார்கள். செடியின் டி.என்.ஏ. பாலிமரேஸ் டெல்டா. வைரஸ் கடன் வாங்கும் பிரதி இயந்திரத்தில் ஒரு பாகம்! அந்த ஜீனில் சின்ன எழுத்து மாற்றம் உள்ள செடிதான் தேமலைத் தாங்குகிறது. வைரஸ் தன் எழுத்தை எத்தனை தடவை மாற்றினாலும் கடன் கொடுப்பவர் கை விரித்துவிட்டால் என்ன செய்யும்? மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகளின் வயலில் தானாக நேர்ந்த திருத்தம் இது. லேபில் யோசித்து வைரஸைத் துரத்தியவர்களை, கண்ணால் பார்த்து நல்ல குச்சியை எடுத்து வைத்தவர்கள் முந்திவிட்டார்கள்.

அப்படியானால் அந்த எழுத்தை எச்-226இல் கிரிஸ்பரால் மாற்றிவிட்டால்? மாவுச்சத்தும் அப்படியே இருக்கும், தேமலும் நிற்கும், எட்டு வருடம் காத்திருக்கவும் வேண்டாம். காகிதத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது. சட்டமும் ஒத்துவருகிற மாதிரிதான் தெரியும். அயல் டி.என்.ஏ. இல்லாத திருத்தப் பயிர்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய அரசு கடுமையான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தது. 2025 மே மாதம் இரண்டு திருத்திய நெல் ரகங்களையும் அறிவித்தார்கள், சம்பா மசூரியிலிருந்து வந்த கமலா, எம்.டி.யு. 1010இலிருந்து வந்த பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1.

நெல்லில் முடிந்தது மரவள்ளியில் ஏன் சுலபமில்லை? கத்திரியைச் செடிக்குள் கொண்டுபோக அதன் ஜீனைச் சேர்த்தாக வேண்டும். வேலை முடிந்ததும் எடுத்துவிட்டால்தான் "அயல் டி.என்.ஏ. இல்லை" என்று சொல்ல முடியும். நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். அடுத்த தலைமுறை விதையில் கத்திரி விழாத நாற்றைப் பொறுக்கினால் தீர்ந்தது, ரகம் அதே ரகம்தான். மரவள்ளியை விதைக்கு விட்டால் சீட்டுக்கட்டு கலைந்துவிடும் என்று மேலே சொன்னேன் அல்லவா? கத்திரி போகும், கூடவே எச்-226உம் போய்விடும். கத்திரியைப் புரதமாகவே உள்ளே அனுப்பும் முறை இருக்கிறது. ஆனால் அதற்குச் சுவரை உரித்த ஒற்றைச் செல்லிலிருந்து முழுச் செடியை எழுப்ப வேண்டும், மரவள்ளி அதற்கு லேசில் மசிவதில்லை.

இன்னொரு முரண் எனக்கு இதைவிடப் பிடித்தது. மரவள்ளியில் ஜீன் மாற்ற வேண்டுமென்றால் திசுவைக் கருநிலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து செடியாக எழுப்பியாக வேண்டும். சி.எம்.டி.2 உள்ள ரகங்களை அந்தப் பாதையில் அனுப்பினால், திரும்பி வரும் செடிகள் தேமல் எதிர்ப்பை இழந்துவிடுகின்றன என்று 2016இல் தெரியவந்தது. எந்த ஜீனையும் சேர்க்காமல் வெறுமனே அந்தப் பாதையில் போய்வந்தாலே இப்படி. நல்ல குச்சியைக் கொடுத்துத் தேமல் குச்சியை வாங்கி வருவது மாதிரி.

கிரிஸ்பருக்கு மரவள்ளியில் வேறு இடம் இருக்கிறது. 2018இல் அமைலோஸ் (மாவுச்சத்தின் இரண்டு கூறுகளில் ஒன்று) இல்லாத மாவு தரும் மரவள்ளியைத் திருத்திக் காட்டினார்கள். செடியின் சொந்த ஜீனை நிறுத்துவதில் கத்திரி கெட்டிக்காரன்தான். ஆனால் அதே மாதிரி மாவுள்ள மரவள்ளி இயற்கையாகவும் ஏற்கெனவே கிடைத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆக, இன்றைக்கு நடவுக்கு நிற்கும் ஒருவர் கேட்டால் என் கை ஒட்டுப் பக்கம்தான் போகும். இயற்கையானது, சாத்வீகமானது என்ற காரணமெல்லாம் எனக்கு இல்லை. அதில் இருக்கும் ஜீன் சரியான இடத்தில் அடிக்கிறது, அவ்வளவுதான். பயமும் ஒன்று உண்டு. எல்லோரும் ஒரே ஜீனை நம்பி நட்டால், அதை மீறும் வைரஸ் ஒருநாள் வரலாம். அமானி காலத்துப் பல ஜீன் எதிர்ப்பையும் கூடச் சேர்த்துக் கட்டுவது நல்லது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சித்தப்பா ஒரே கேள்வி கேட்டார்: "புது ரகம் எத்தனை பாயிண்ட் நிக்கும்?"

சேலத்துக் கிழங்குக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆலையில் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் விலை போடுவார்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, 1981லிருந்து ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் இருக்கிறது, எல்லாம் சரி. லாரி எடை மேடையில் நிற்கும்போது பாயிண்ட் குறைந்தால் தேமல் இல்லாத கிழங்குக்கும் காசு குறையும். முந்தி ஒரு தடவை தேமல் தாங்கும் குச்சி நட்டுப் பாயிண்ட் போதாமல் திட்டு வாங்கியவர் அவர். இன்னொன்றும் சொன்னார், மாவுப்பூச்சிக்கு உன் ஜீன் என்ன செய்யும் என்று. ஒன்றும் செய்யாது. 2020இல் கேரளத்தில் தலைகாட்டி இங்கேயும் வந்த அந்தப் பூச்சிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து குளவியைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில்தான் விட்டார்கள். அது வேறு கதை.

கடைசியில் பேசி முடித்தது இதுதான். ஏத்தாப்பூரிலிருந்து புது ரகக் குச்சி வாங்கி மூன்று சால் மட்டும் நடுவது, மீதிக் காடு பழைய ரகம். பழைய ரகத்தில் நாலாம் மாதம் இலை பச்சையாக இருக்கும்போதே சுத்தமான செடிகளுக்குத் துணி கட்டிவிடுவது, அடுத்த நடவுக்குக் குச்சி அதிலிருந்து மட்டும். சித்தி அன்று சாயங்காலமே ஒரு பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து வைத்துவிட்டார். இப்போது காட்டுக்குப் போனால் பச்சைக்கு நடுவே அங்கங்கே சிவப்பு ஆடுகிறது. எண்ணிப் பார்த்தேன். வரப்போரச் சாலில் நாற்பது செடிக்குப் பதினொன்றில்தான் துணி இருந்தது.