ஹேவ்லாக்கா, நீலா? அந்தமானில் இரவு தங்க எந்தத் தீவு

சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரத்தில் விமானம் போர்ட் பிளேரில் இறக்கிவிடுகிறது (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கிறது). அதற்கப்புறம் டூர் ஏற்பாடு செய்பவர்கள் நீட்டும் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, திரும்பும் வழியில் நீல் தீவில் இரண்டு மூன்று மணி நேரம். இதில் நீல் தீவுக்கு அநியாயம் நடக்கிறது என்பது என் கருத்து. இரண்டு இரவு கையில் இருந்தால் ஹேவ்லாக்கில் ஒன்று, நீலில் ஒன்று என்று பிரியுங்கள். ஒரே இரவுதான் என்றால், கடலுக்குள் மூழ்கிப் பார்க்கும் ஆசை இல்லாதவர்கள் யோசிக்காமல் நீலில் தங்கலாம்.

முதலில் பெயர். 2018 டிசம்பர் முதல் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். டிக்கெட்டில் புதுப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். பழைய பெயர்கள் இரண்டும் 1857 எழுச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதிகளுடையவை. அதில் நீலை நமக்கும் தெரியும். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகமே நடந்தது. 1937இல் ராஜாஜி ஆட்சியில்தான் அது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஆனாலும் தீவுக்காரர்களும் படகுக்காரர்களும் இன்றுவரை பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஹேவ்லாக்கின் பலம் கடலுக்கு அடியில் இருக்கிறது. நீச்சல் தெரியாதவர்கூட ஸ்கூபா (காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குவது) செய்யலாம். பயிற்றுநர் ஒருவர் கூடவே இருந்து, மூச்சு விடவும் சைகை காட்டவும் ஆழமில்லாத தண்ணீரில் பழக்கிவிட்டு, அப்புறம்தான் உள்ளே அழைத்துப் போவார். முதல் முறை இறங்குபவர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை. பிள்ளைகளுக்கு 10 வயதாவது ஆகியிருக்க வேண்டும். பவளத்திட்டுக்கு மேலே ஒரு முழம் இடைவெளியில் மிதந்தபடி, கடல் சாமந்தி என்னும் உயிரியின் விரல்களுக்குள் புகுந்து ஒளியும் ஆரஞ்சு மீனைப் பார்ப்பது அடியில் கண்ணாடி பதித்த கண்ணாடிப் படகில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பதோடு சேர்த்தே பேச முடியாத அனுபவம். நீலிலும் ஸ்கூபா உண்டு. ஆனால் மையங்களும் இறங்கும் இடங்களும் ஹேவ்லாக்கில்தான் அதிகம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ராதாநகர் கடற்கரைக்குப் புகழ் அதிகம். 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது. 2020இல், தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. அந்தப் புகழுக்குத் தகுதியான இடம்தான்: முதுகுப் பக்கம் வானுயர்ந்த காடு, முன்னால் மாவாய் மிதிபடும் மணல், மேற்கே மறையும் சூரியன். ஆனால் சூரியன் மறையும் நேரத்தில் தீவில் இருக்கும் பயணிகளில் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். அமைதி வேண்டுமென்றால் காலையில் போங்கள். கடற்கரையின் ஓரமாக இருக்கும் உப்பங்கழிப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். 2010இல் அங்கே ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை இழுத்துச் சென்றது. எச்சரிக்கைப் பலகையை மதிப்பது இந்தத் தீவுகளில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எலிஃபன்ட் பீச்சுக்குப் படகிலும் போகலாம், காட்டு வழியாக நடந்தும் போகலாம். நடந்து போவதையே நான் சொல்வேன். 2004 சுனாமிக்குப் பின் பட்டுப்போன பெருமரங்கள் வேரோடு மணலில் சாய்ந்து வெளுத்துக் கிடக்கும் காட்சி வேறெங்கும் கிடைக்காது. பவளம் மட்டும் எதிர்பார்த்த அளவு இருக்காது. சுனாமியிலும், 2010இல் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப் போனதிலும் கரையோரத் திட்டுகள் பெரிதும் அழிந்துவிட்டன. காலாபத்தர் கடற்கரையை வண்டியில் போகிற போக்கில் பார்த்தால் போதும்.

சரி, நீல். ஹேவ்லாக்கை விடப் பல மடங்கு சின்னத் தீவு. சைக்கிளிலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். 1947க்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைக் குடியமர்த்திய ஊர். அவர்கள் திருத்திய வயல்களும் காய்கறித் தோட்டங்களும்தான் வழியெல்லாம். அந்தமானின் மற்றத் தீவுகளுக்குக் காய்கறி போவதும் இங்கிருந்துதான். மதியச் சாப்பாட்டில் அது நன்றாகவே தெரியும்: வங்காளிச் சமையலில் மீன் குழம்பும் சோறும், கூடவே அன்று பறித்த காயில் ஒரு பொரியல். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஹேவ்லாக்கை விட நீல் திருப்தியாக இருக்கும்.

கடற்கரைகளின் பெயர்கள் ராமாயணத்தை ஒட்டியவை. பரத்பூர் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சீதாபூரில் சூரியன் உதிக்கும், லட்சுமண்பூரில் மறையும். இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடிவது நீலில் தங்குபவர்களுக்கு மட்டும்தான். இங்கே நம் ஊர்க் கணக்கு செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு வெகு கிழக்கே இருக்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும். மதியம் தூங்கி எழுந்து நிதானமாகக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்க்க வேண்டிவரும்.

நீலில் இரவு தங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது. லட்சுமண்பூரின் இன்னொரு பக்கத்தில் அலை குடைந்த இயற்கைப் பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில்தான் அதன் அடி வரை நடக்க முடியும். அப்போது பாறைத் தரை முழுக்கக் குட்டைகளாகிவிடும். குனிந்து பொறுமையாகப் பார்த்தால் கடல் அட்டை அசையாமல் கிடக்கும், நண்டு பாறை இடுக்குக்குள் பின்வாங்கும், பெரிய சிப்பி ஒன்று நீலமும் பச்சையுமான தன் உதட்டைத் திறந்திருக்கும். நம் நிழல் விழுந்ததும் சட்டென்று மூடிக்கொள்ளும். கடல் ஏறியிருந்தால் இதில் எதுவுமே கிடையாது, தண்ணீரும் வழுக்கும் பாறையும்தான். நேர்மாறாக, பரத்பூரில் கண்ணாடிப் படகு ஏறுவதற்குத் தண்ணீர் ஏறியிருப்பதுதான் நல்லது.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஒரு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஆகவே கப்பல் இறங்கி அடுத்த கப்பல் பிடிப்பவருக்கு இரண்டில் ஒன்றுதான் வாய்க்கும், அதுவும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து. ஓர் இரவு தங்குபவருக்கு இரண்டும் கிடைக்கும். குட்டைகளுக்குள் நடக்கும்போது பிடிமானமுள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பவளத்தை மிதிக்காதீர்கள். சிப்பியோ பவளத் துண்டோ பையில் போட்டுக்கொண்டு வருவது சட்டப்படி குற்றம்.

வரிசையும் முக்கியம். ஹேவ்லாக் முதலில், நீல் அடுத்தது. ஸ்கூபா செய்த உடலோடு உடனே விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறக் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் விட வேண்டும். நீலில் கழியும் இரவு அந்த இடைவெளியைத் தானாகவே கொடுத்துவிடும். இரண்டு தீவுக்கும் நடுவே கப்பலில் சுமார் ஒரு மணி நேரப் பயணம்தான். தனியார் கப்பலானாலும் அரசுக் கப்பலானாலும் டிசம்பர், ஜனவரியில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கடல் மோசமானால் பயணம் ரத்தாகும் என்பதால், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவைப் போர்ட் பிளேரில் வைத்துக்கொள்வது நல்லது. மே முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது இந்த ஒப்பீட்டுக்கே வேலையில்லை.

தேதியை நீங்களே தீர்மானிக்கலாம் என்றால் அமாவாசையை ஒட்டிப் போங்கள். இருட்டான இரவில் ஹேவ்லாக்கின் அலையாத்திக் காட்டு ஓடைகளில் கயாக் ஓட்டினால் துடுப்பு படும் தண்ணீரெல்லாம் நீலமாக மின்னும். நுண்ணுயிர்கள் கிளப்பும் ஒளி அது. அதே நாட்களில்தான் நீலில் கடல் மற்ற நாட்களை விட அதிகமாக உள்வாங்கும். பௌர்ணமியிலும் அப்படி உள்வாங்கும், ஆனால் நிலா வெளிச்சத்தில் ஓடையின் மின்னல் தெரியாது. நீரோட்டம் வேகமெடுக்கும் நாட்கள் என்பதால் ஸ்கூபாவுக்குத் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாம். அதனால் எந்த நேரம் இறங்கினால் தெளிவாக இருக்கும் என்று முந்தின நாளே ஸ்கூபா மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.