டிடிபி கடை அக்காவின் சிவப்பு வட்டங்கள்

எங்கள் பேட்ச் சந்திப்பு மலரைச் சைதாப்பேட்டையில் ஒரு டிடிபி கடையில் கொடுத்தேன். நாங்கள் எழுதிக் கொடுத்ததில் ஒரு பக்கம் 'கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்', அடுத்த பக்கம் 'அண்ணா யுனிவர்சிட்டி', இன்னொன்றில் வெறும் 'சி.இ.ஜி.' என்று கல்லூரிப் பெயரின் ஆங்கிலச் சுருக்கம். டைப் செய்த அக்கா எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "சார், இதுல எது உங்க காலேஜ்?" என்றார்.

நியாயமான கேள்வி. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. அதைத் தன் அங்கமாகக் கொண்ட அண்ணா பல்கலைக்கழகம் வந்ததே 1978-இல்தான். முதல் பக்கத்தில் 'கிண்டி பொறியியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகம்', பிறகு எங்கும் 'கிண்டி பொறியியல் கல்லூரி' என்று முடிவு செய்தோம். பின்னட்டையில் மட்டும் ஒரு 'காலேஜ்' தப்பிவிட்டது. காசு வாங்காமல் மறுபடி அச்சடித்துக் கொடுத்தார்கள். அடுத்த மலரும் அங்கேதான்.