ஈய வட்டத் துண்டில் ஓட்டை: பொம்மையா, பொத்தானா, தக்களி எடையா?

இங்கிலாந்தின் உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்களுக்கு ஈயத் துண்டுகள் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றில் அதிகம் குழப்புவது ஓட்டை போட்ட வட்டத் துண்டுதான். முதலில் ஓட்டைகளை எண்ணுங்கள்.

நடுவில் ஒரே ஓட்டை, கையில் கனம், நல்ல தடிமன் என்றால் அது பெரும்பாலும் தக்களியில் மாட்டும் எடை. நூல் நூற்கும்போது சுழல் நிற்காமலிருக்க உதவியது. சிலவற்றில் மேடான கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். சுழன்ற பொருள்தான், ஆனால் பொம்மை அல்ல.

நடுப்புள்ளிக்கு இருபுறமும் இரண்டு ஓட்டை இருந்தால் அது ‘விர்லிகிக்’ என்ற சுழலும் பொம்மையாக இருக்கலாம். இரண்டிலும் நூல் கோத்து முறுக்கி, இழுத்து இழுத்து விட்டால் விர்ரென்று சுற்றும். சோடா மூடியை நசுக்கி இப்படிச் சுற்றியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் துப்பாக்கியின் ஈயக் குண்டைத் தட்டையாக அடித்தும் இதைச் செய்தார்கள். அமெரிக்க விடுதலைப் போர்க்கால முகாம் இடங்களிலும் இவை கிடைத்திருக்கின்றன. விளிம்பில் ரம்பப் பல் வெட்டியிருந்தால் எனக்குச் சந்தேகமே வராது.

பல் இல்லாதபோதுதான் பொத்தானோடு போட்டி. பொத்தானின் ஓட்டைகள் நெருக்கமாக, அளவாக இருக்கும். விளிம்பும் சீராக இருக்கும். சுத்தியல் தடம், கோணலான ஓட்டை, 3 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் மூன்றும் சேர்ந்தால் பொம்மை என்றே சொல்வேன்.

செப்பு நாணயத்தில் துளையிட்ட விர்லிகிக்கும் உண்டு. அதிலுள்ள ஆண்டைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். நாணயத்தில் 1775 என்றிருந்தால், பொம்மை அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது, அவ்வளவுதான். முகம் தேய்ந்திருந்தால் அது பல வருடம் கைமாறிய காசு. பொம்மையானது அதற்கும் அப்புறம்.

ஆறு பக்கமுள்ள சின்னப் பித்தளைப் பம்பரம் கிடைத்தால் வேலை சுலபம். ‘ஒன்று போடு’, ‘எல்லாம் எடு’ என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள் பொறித்திருந்தால் அது 1920-களில் பிரபலமான ‘புட் அண்ட் டேக்’ சூதாட்டப் பம்பரம்.

எதுவானாலும் சரி, ஈயத்தின் மேல் படிந்த வெளிறிய படலத்தைச் சுரண்டாதீர்கள். தொட்டபின் கை கழுவுங்கள். கிடைத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்து வையுங்கள். இங்கிலாந்தில் 1997-இல் தொடங்கி, பிறகு வேல்ஸுக்கும் விரிந்த, பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களைப் பதிவு செய்யும் ‘போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ்’ திட்டத்தின் அலுவலரிடம் காட்டினால் பொருளை அடையாளம் காண உதவுவார். பதிவு செய்யவும் வழி உண்டு.