தையல் பழகும்போது மூளையை எதை வைத்துப் பார்ப்பது?

லேப்ராஸ்கோப்பித் தையல் (சிறு துளைகள் வழியாகக் கருவிகளை விட்டுப் போடுவது) பழகும் பி.ஜி. சர்ஜரி மாணவர்களின் மூளையில் என்ன மாறுகிறது என்று பார்க்க, கோவையில் எங்கள் கல்லூரி ஸ்கில்ஸ் லேபில் மூன்று வழிகளை யோசித்தோம்: எஃப்எம்ஆர்ஐ (மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தைக் காந்த ஸ்கேனரில் படமெடுப்பது), இஇஜி (தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின் சிக்னலைப் பதிவது), எஃப்நிர்ஸ் (தலையில் தொப்பி மாட்டி ஒளியால் அளப்பது). எடுத்தது எஃப்நிர்ஸ்.

எஃப்எம்ஆர்ஐ இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை பிரித்துக் காட்டும், மூளையின் ஆழமும் தெரியும். இஇஜி மில்லிநொடி மாற்றத்தையும் பிடிக்கும், செலவும் குறைவு. இதில் மறுபேச்சு இல்லை.

ஆனால் தையல் போடுபவர் நின்றுகொண்டு போடுகிறார். எஃப்எம்ஆர்ஐ-யில் மல்லாந்து படுத்து, தலையை அசைக்காமல் இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே படம் கெடும். ஊசியைப் பிடிக்கும் சாதாரண உலோக நீடில் ஹோல்டரைக் காந்தத்தின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. மிஞ்சுவது, ஆபரேஷன் வீடியோவைக் காட்டுவது, முடிச்சை மனதுக்குள் போடச் சொல்வது. எக்ஸ்ரே படிப்பது, நோயைக் கணிப்பது போன்றவற்றை ஆராய்பவர்களுக்கு எஃப்எம்ஆர்ஐ-யையே சொல்வேன். கை பழகுவதைப் பார்க்க அது போதாது. அப்புறம், ஈரோடு, பொள்ளாச்சியிலிருந்து வரும் நோயாளிகள் காத்திருக்கும்போது ஸ்கேனரை ஆராய்ச்சிக்குக் கேட்க எனக்கு மனம் வராது.

எஃப்நிர்ஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு பாக்ஸ் டிரெய்னர் (தையல் பழகும் பெட்டி) முன் நின்று முழுத் தையலையும் போடலாம். அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை மண்டைக்குள் செலுத்தி, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறிய, இறங்கிய ஹீமோகுளோபினை அது அளக்கிறது. எட்டுவது மேற்புறணி, அதாவது மூளையின் மேல் அடுக்கு மட்டுமே. எங்களுக்கு வேண்டியதும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது: புதியவர்களுக்கு முன்மூளை அதிகம் உழைக்கும், கை தேறத் தேற அந்த உழைப்பு குறையும். 2018-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வில், தேர்ந்த சர்ஜன்களுக்கு முன்மூளையில் குறைவாகவும் இயக்கப் பகுதிகளில் அதிகமாகவும் செயல்பாடு தெரிந்தது.

இஇஜி-யில் எனக்கு அனுபவம் குறைவு. முடிச்சு இறுகும் நேரத்தில் மாணவர் பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் சிக்னல் கலந்துவிடும் என்பதுதான் என் தயக்கம்.

எஃப்நிர்ஸிலும் தொல்லை உண்டு. அடர்ந்த கருங்கூந்தல் ஒளியை விழுங்கிவிடும். நெற்றிக்குச் சிரமமில்லை, இயக்கப் பகுதிக்கு முடியை வகிடு வகிடாக ஒதுக்கும்போது, "இன்னும் எவ்வளவு நேரமுங்க மேடம்?" என்று கேட்பார்கள். டியூட்டிக்கு ஓட வேண்டியவர்கள், பாவம். இன்னொன்று, பதற்றத்தில் நெற்றித் தோலில் ரத்தம் கூடினாலும் மூளை உழைப்பதுபோலத் தெரியும். வாங்குவதாக இருந்தால், அதைக் கழித்துப் பார்க்க குறுகிய சேனல்கள் (ஒளி விடும் முனைக்கும் வாங்கும் முனைக்கும் 8 மி.மீ. அளவே இடைவெளி வைத்து, பெரும்பாலும் தோலின் ரத்தத்தை மட்டும் அளப்பவை) உள்ள கருவியாகக் கேட்டு வாங்குங்கள்.