உயில் எழுதித்தரும் இரண்டு சேவைகள்: ஓர் இணையப் படிவமும் ஒரு வழக்கறிஞர் அலுவலகமும்

76 வயதான என் தாயார் உயில் எழுத வேண்டும் என்று சொல்லத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியும், அந்தப் பேச்சு இப்போது எதற்கு என்று தம்பியும் நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். கடைசியில் முதலில் ஓர் இணையதளத்தையும், பிறகு கும்பகோணத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தையும் நாடினோம். இரண்டுக்கும் பணம் கொடுத்துப் பயன்படுத்தியவள் என்ற முறையில் எழுதுகிறேன், பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

இணையதளம் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு படிவத்தைத் தந்தது. சொத்தின் பெயர், யாருக்கு, எத்தனை சதவீதம் என்பவற்றை நிரப்பினால் அரை மணி நேரத்தில் உயில் கிடைத்துவிடுகிறது. தமிழ் நடை மோசமில்லை. 'பூரண சுயநினைவுடனும் பிறருடைய தூண்டுதலின்றியும்' என்ற வழக்கமான வாசகமெல்லாம் இடம்பெற்றிருந்தது. ஆனால் முத்திரைத்தாளுக்கு என்று தனியாக ஒரு தொகை வசூலித்தார்கள். உயிலுக்கு முத்திரைத்தீர்வை கிடையாது, வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை.

அதைவிடப் பெரிய குறை, படிவம் எதையுமே திருப்பிக் கேட்காததுதான். அம்மாவின் பெயரில் கிரயம் வாங்கிய வீடு ஒன்றும், அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் ஒன்றும் இருக்கின்றன. அப்பா உயில் எழுதாமல் 2009-இல் காலமானார். நிலம் முழுவதும் அம்மாவுக்குத்தான் என்றே நாங்கள் நினைத்திருந்ததால், படிவத்திலும் முழு நிலத்தையும் சேர்த்தோம். அதுவும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது.

வழக்கறிஞர் அலுவலகத்தில் கட்டணம் 12,000 ரூபாய். முதல் நாள் அவர் உயிலைப் பற்றியே பேசவில்லை. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அப்பா இறந்தபோது வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை மேசையில் பரப்பச் சொன்னார். வாரிசுச் சான்றிதழில் அம்மா, நான், தம்பி என்று மூன்று பெயர்களைக் கடந்து சென்ற அவருடைய பேனா நான்காவது பெயரில் நின்றது. "இவங்க யாரும்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். "என் மாமியார், தம்பி. 2014-லயே போயிட்டாங்க" என்றார் அம்மா.

அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பெயரைப் பற்றியே பேசினோம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் ஆண் இந்துவின் தனிச்சொத்தில் மனைவி, மகன், மகள் ஆகியோருடன் அவருடைய தாய்க்கும் சமபங்கு உண்டு. ஆகவே 2009-இலேயே நிலம் நான்கு பங்காகிவிட்டது. அம்மாவுக்கு உரியது கால் பங்கு மட்டும். பாட்டியும் உயில் எழுதாமல் இறந்ததால், அவருடைய கால் பங்கு சித்தப்பா, அத்தை, அப்பாவின் பிள்ளைகளான நாங்கள் என்று மூன்று கிளைகளாகப் பிரிகிறது. பாட்டியின் பங்கில் மருமகளுக்கு, அதாவது அம்மாவுக்கு, எதுவும் வராது. இணையதளம் தந்த தாளில் கையெழுத்திட்டிருந்தால், தமக்கு உரிமையில்லாத முக்கால் பங்கையும் சேர்த்து அம்மா எழுதிக்கொடுத்தவராக ஆகியிருப்பார். சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் மொத்த நிலத்தில் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. அவர்கள் அதை விரும்பி விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் பதிவு செய்துகொள்ளலாம், இல்லையென்றால் பாகம் பிரிப்பதே வழி என்று வழக்கறிஞர் விளக்கினார்.

வங்கி வைப்புத்தொகையிலும் இதே போன்ற ஒரு தவறான நம்பிக்கை எங்களுக்கு இருந்தது. தம்பி நாமினியாக இருப்பதால் பணம் அவனுக்கே என்று அம்மா உறுதியாக நம்பியிருந்தார். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே தவிர, அதனாலேயே உரிமையாளராகிவிடுவதில்லை. காப்பீட்டுத் தொகை தொடர்பான வழக்கொன்றில் 1984-இலும், பங்குகள் தொடர்பாக 2023-இலும் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. எனவே வைப்புத்தொகை யாருக்கு என்பதைத் தனி ஷரத்தாக எழுதினார்கள். உயிலில் குறிப்பிடாமல் விடுபட்டவையும் இனிமேல் அம்மாவுக்குச் சேரக்கூடியவையும் யாருக்கு என்று ஒரு வரி சேர்த்தார்கள். படிவத்தில் அந்த வரியும் இல்லை.

சாட்சிகள் விஷயத்தில் வழக்கறிஞர் காட்டிய பிடிவாதம் அப்போது எனக்குச் சற்று மிகையாகத் தோன்றியது. அலுவலகக் குமாஸ்தாக்கள் இருவரே கையெழுத்திடட்டுமே என்றேன், மறுத்துவிட்டார். உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். பின்னாளில் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க நேர்ந்தால், அவர்களில் ஒருவராவது உயிருடன் இருக்கும் பட்சத்தில் வந்து சாட்சியம் சொல்ல வேண்டும். ஆகவே அம்மாவைவிட வயதில் இளையவர்களாகவும், அவரை நன்கு அறிந்த உள்ளூர்க்காரர்களாகவும், உயிலால் பயன் எதுவும் பெறாதவர்களாகவும் இருக்கட்டும் என்றார். குடும்ப மருத்துவரும் பக்கத்து வீட்டு ஆசிரியை ஒருவரும் வந்தார்கள். கையெழுத்துக்கு முன் எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, அம்மாவையே முழு உயிலையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் கேட்டது. நான்கெல்லை விவரத்தில் 'வாய்க்காலுக்கு வடக்கு' என்ற இடத்தில் நிறுத்தி, "இல்ல தம்பி, தெற்கு" என்று திருத்தினார். கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தபோது அம்மா சொன்னதே சரியாக இருந்தது. தட்டச்சு செய்தவரின் பிழை அது. 12,000 ரூபாய் வாங்கும் அலுவலகத்தில் அதை உயில் எழுதுபவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்ததை நான் குறையாகவே எண்ணுகிறேன்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவு செய்ததாலேயே அதை யாரும் எதிர்த்து வழக்காட முடியாது என்றும் ஆகிவிடாது. ஆனாலும் மூலம் தொலைந்தால் நகல் பெறலாம் என்பதற்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். காத்திருந்த நேரத்தில், செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தால் வேலை ஒரேயடியாக முடிந்துவிடுமே என்று தம்பி கேட்டான். செட்டில்மெண்ட் எழுதினால் உரிமை உடனே கைமாறிவிடும். உயிலை அம்மா உயிருள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றார் வழக்கறிஞர். அதைக் கேட்டு அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.

சொந்தச் சம்பாத்தியத்தில் தன் பெயரிலேயே வாங்கிய ஒரே ஒரு வீடு, சிக்கலற்ற குடும்பம் என்றால் இணையப் படிவமே போதும். முத்திரைத்தாளுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டாம். இறந்தவர் பெயரில் இன்னும் பட்டா இருக்கும் சொத்து ஒன்றாவது இருந்தால், ஆவணங்களோடு நேரில் செல்லுங்கள். வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நான் ஐந்துக்கு நான்கு தருவேன். தட்டச்சுப் பிழைக்காகவும், தாய்ப் பத்திரங்களைத் திருப்பித் தர மூன்று வாரம் இழுத்தடித்ததற்காகவும் ஒன்றைக் குறைத்திருக்கிறேன்.