24 இன்ச் பைப்புக்கு பெவல்: கேஸ் கட்டிங்கா, கோல்ட் கட்டிங்கா?

ராமநாதபுரம் கடலோரம் மண்டபம், உச்சிப்புளி பக்கம் வேலை எடுக்குறவங்க அடிக்கடி கேக்குறது இது. பெவல்னா வெல்டிங்குக்காக பைப் விளிம்பைச் சரிவா சீவுறது; கேஸ் கட்டிங்னா நெருப்பால வெட்டுறது, கோல்ட் கட்டிங்னா நெருப்பில்லாம மெஷின்ல சீவுறது.

செலவு: கேஸ்னா டார்ச்சும் பைப்பைச் சுத்தி ஓடுற செயினும் போதும். கோல்ட் கட்டிங்குக்கு, பைப்பைக் கவ்விக்கிட்டு டூல் பிட்டால சீவுற கிளாம்ஷெல் மெஷின் வேணும், அது வெல ஜாஸ்தி, வாடகைதான் கட்டுபடியாகும்.

ஃபினிஷிங்: கேஸ்ல விளிம்புல ஒட்டுற ஸ்லாக்கை (உருகுன கசடு) கிரைண்டர் போட்டுத் தேச்சே ஆகணும், அதுவும் கச்சான் காத்து அடிச்சா ஃபிளேம் ஆடி பெவல் அலை அலையா வரும், தட்டி கட்டாம கை வைக்காதீங்க. கிளாம்ஷெல்ல 37.5 டிகிரியும் 1.6 எம்எம் ரூட் ஃபேஸும் (சரிவுக்கு அடியில சீவாம விடுற தட்டை விளிம்பு) சுத்தமா வரும், சூடும் ஏறாது.

ஸ்டெயின்லெஸ்னா சாதா கேஸ் வெட்டவே வெட்டாது, பேச்சே இல்ல.

கார்பன் ஸ்டீல், நாலஞ்சு ஜாயின்ட்டுதான்னா கேஸே போதும். வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்குற பைப் லைன், தடிமன் 20 எம்எம்முக்கு மேலன்னா யோசிக்காம மெஷின எடுங்க. எதுல சீவுனாலும் அன்னைக்கே வெல்டிங் ஏத்திருங்க, உப்புக்காத்துல சீக்கிரமே துரு பூத்துரும்.